ஃபோட்டோஷாப் கற்க நான்கு வருடம் வேண்டாம்

ஓவியமும் கிராஃபிக் டிசைனும் சேர்ந்த பட்டப்படிப்பைப் பற்றி என்னிடம் விசாரிக்க வருகிறவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: அங்கே என்னென்ன சாஃப்ட்வேர் சொல்லித் தருவார்கள்? பெற்றோர் இதைக் கேட்பதில் தப்பில்லை. வேலை கிடைக்குமா என்பதைத்தான் இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். மாணவர்களும் அதே எண்ணத்தோடுதான் சேர்கிறார்கள். முதல் வருடம் கரித்துண்டும் காகிதமுமாகவே போகப்போகிறது என்று தெரிந்ததும், லோகோ செய்யப் போகிறவனுக்கு முழங்கை எலும்பு எதற்கு என்று ஒரு சலிப்பு வந்துவிடுகிறது.

நான் வடிவமைப்புத் துறையில் வேலை பார்க்கிறேன். புதியவர்களைத் தேர்ந்தெடுப்பதும் அதில் ஒரு பகுதி. அவ்வப்போது இறுதியாண்டு மாணவர்களின் மதிப்பீட்டுக்கும் போய் உட்காருவேன். அங்கெல்லாம் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: பல்கலைக்கழகத்தில் கிடைக்கிறவற்றில் சாஃப்ட்வேர்தான் மிக மலிவான சரக்கு. அதை யாரும் அவரவர் அறையில் உட்கார்ந்தே பழகிக்கொள்ளலாம். கையால் வரைந்தும் அச்சடித்தும் பழகும் ஸ்டுடியோ வகுப்பில் கிடைப்பதை அப்படிப் பழகுவது கடினம். அந்த வகுப்புகளை ஒப்புக்கு முடித்துவிட்டு வருகிறவர்கள் எதைத் தவறவிட்டார்கள் என்பது வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிய வருகிறது. அப்போது அதைச் சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.

சாஃப்ட்வேரின் ஆயுளைக் கொஞ்சம் பாருங்கள். கணினியில் பக்கம் வடிவமைக்கும் தொழில் 1985-இல் வந்த பேஜ்மேக்கரால்தான் பரவியது. இரண்டே வருடத்தில் குவார்க் எக்ஸ்பிரஸ் வந்தது. 1990-களில் பத்திரிகை அலுவலகங்களில் அதன் ராஜ்ஜியம்தான். 1999-இல் வந்த இன்டிசைன் போகப்போக அதையும் ஓரங்கட்டியது. இணையத்தில் அனிமேஷன் செய்யும் ஃபிளாஷ் தெரிந்தால் போதும், வெப் டிசைன் வேலை நிச்சயம் என்றிருந்த காலமும் உண்டு. 2020 முடிவோடு அடோபி அதற்கான ஆதரவையே நிறுத்திக்கொண்டது. இவற்றில் ஏதோ ஒன்றை மட்டும் நம்பிப் படித்தவர்கள் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பக்கத்தைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மெனு எங்கே இருக்கிறது என்று தேடுகிற சிரமம் மட்டும்தான் இருந்தது.

சரி, அந்தப் பார்வை எங்கிருந்து வருகிறது? மாடலை உட்கார வைத்து வரையும் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 30 வினாடி, ஒரு நிமிடம் என்று வேக வரைபடங்கள் போடச் சொல்வார்கள். அவ்வளவு நேரத்தில் விரலும் கண்ணிமையும் வரைய முடியாது. உடலின் எடை எந்தக் காலில் இறங்குகிறது, முதுகு எந்தப் பக்கம் வளைகிறது என்று மொத்தத்தை மட்டும்தான் பிடிக்க முடியும். எதை வைக்கலாம், எதை விடலாம் என்று சட்டென முடிவெடுக்கும் பழக்கம் இதில் வருகிறது. ஒரு போஸ்டரைக் கடந்து நடக்கிறவர் கண்ணில் விழுவதும் அந்த மொத்தம்தானே. இன்னொரு பயிற்சியில் நாற்காலியை வரையக்கூடாது என்பார்கள். அதன் கால்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே இருக்கும் காலி இடங்களை மட்டும் வரைய வேண்டும். இதை ஒழுங்காகச் செய்த மாணவர், பிறகு எழுத்துகளை அமைக்கக் கற்றுத்தரும் டைப்போகிராஃபி வகுப்பில் கெர்னிங், அதாவது எழுத்துகளின் இடைவெளியைச் சரிசெய்வது, என்றதும் திணறுவதில்லை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இடமும் ஒரு உருவம் என்பது அவர் கண்ணுக்கு ஏற்கெனவே தெரியும்.

கரியில் ஒளியும் நிழலும் போட்டுப் பழகுவதும் இப்படித்தான். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே இருக்கும் சாம்பல் படிகளைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள், சிவப்புப் பின்னணியில் பச்சை எழுத்து வைத்துவிட்டு 'நிறம் எதிரெதிராகத்தானே இருக்கிறது, ஏன் படிக்க முடியவில்லை?' என்று கேட்பார்கள். அதையே நிறம் நீக்கிப் பார்த்தால் பல சமயம் இரண்டும் ஒரே சாம்பல். இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை வழிகாட்டுதலில், சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் (ஒளிர்வு வேறுபாடு) வேண்டும் என்று இருக்கிறது. அதைச் சோதித்துச் சொல்லக் கருவிகள் உண்டு. ஆனால் கரித்துண்டு பிடித்துப் பழகிய கண், கருவிக்குப் போகும் முன்பே சந்தேகப்பட்டுவிடும்.

நிறத்தைப் பற்றி ஒரு பழைய சங்கதி உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷெவ்ரேல் என்ற வேதியியலாளர். கறுப்புச் சாயம் சோகையாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை. நீலமும் ஊதாவும் பக்கத்தில் வரும்போது அந்தக் கறுப்பு வலுவிழந்து தெரிந்திருக்கிறது. நிறம் தன் அண்டை நிறத்தால் மாறித் தெரிகிறது என்பதை விரிவாக ஆராய்ந்து 1839-இல் புத்தகமாகவே வெளியிட்டார். இன்றும் 'லோகோ நிறம் இந்தப் பக்கத்தில் மங்கிவிட்டதே, நிறக் குறியீட்டை மாற்றிப் போட்டீர்களா?' என்று வாடிக்கையாளர் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஷெவ்ரேல் ஞாபகம்தான் வரும். வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டி, ஒரே நிறத்தை இரண்டு பின்னணியில் இரண்டு நிறமாகத் தோன்றவைக்கும் பயிற்சி வண்ண வகுப்புகளில் உண்டு. விளையாட்டு போல இருப்பதால் பலர் அலட்சியமாகச் செய்கிறார்கள். கைக்காசு போட்டாவது செய்து பார்க்க வேண்டிய பயிற்சி அது.

எந்த ஸ்டுடியோ வகுப்பை விருப்பப் பாடமாக எடுக்கலாம் என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: பிரின்ட்மேக்கிங், அதாவது கையால் அச்சுப் படம் எடுக்கும் கலை. அதிலும் வலைத்துணி வழியாக மையைத் தள்ளி அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரின்டிங் செய்துவிட்டு வருகிறவர்களை ஐந்து நிமிடப் பேச்சில் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன். இரண்டாவது நிறம் கொஞ்சம் விலகினாலும் நடுவே வெள்ளைக் கோடு பல்லிளிக்கும். மஞ்சளின் மேல் நீலம் விழுந்தால் மூன்றாவது ஒரு நிறம் இலவசமாகக் கிடைக்கும். எந்த நிறம் முதலில், எது கடைசியில் என்று மாற்றினால் படமே மாறிவிடும். இதையெல்லாம் மையோடு கையால் செய்தவருக்கு, ஆஃப்செட் அச்சில் நான்கு நிறங்கள் தனித்தனிப் பிளேட்டுகளாக வந்து ஒன்றன்மேல் ஒன்று உட்காருவதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அச்சில் ஒவ்வொரு நிறமும் நுண்புள்ளிகளாக விழுகிறது; அந்தப் புள்ளிகள் மோதிக் கோலம் போடாமல் இருக்க சியான் 15, மஜெந்தா 75, மஞ்சள் 0, கறுப்பு 45 டிகிரி என்று கோணம் மாற்றி வைப்பது வழக்கம் என்றால், ஏன் என்பதும் அவருக்கு உடனே புரியும்.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? சின்ன எழுத்தை வெறும் கறுப்பில் வைக்காமல் நான்கு நிறக் கலவையில் வைத்து அனுப்புகிறார்கள். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அச்சில் ரிஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, இம்மியளவு விலகினாலும் எழுத்து விளிம்பில் வண்ண நிழல் அடித்து மங்கலாகிவிடும். விளிம்பு வரை ஓடும் படத்துக்கு 3 மி.மீ. பிளீடு (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) விட மறப்பது, திரையில் ஒளியால் பளபளக்கும் ஆர்ஜிபி பச்சையை அப்படியே காகிதத்தில் எதிர்பார்ப்பது எல்லாம் இதே ரகம். விதியாக மனப்பாடம் செய்தது அவசரத்தில் மறந்துபோகும். மை பூசி அச்சடித்துப் பார்த்தது அவ்வளவு சுலபமாக மறக்காது.

கைவேலையிலிருந்து வடிவமைப்புக்குப் போகும் இந்த வழி ஒன்றும் புதிதில்லை. 1919-இல் ஜெர்மனியின் வைமரில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில், எந்தப் பட்டறைக்குப் போகிறவரும் முதலில் ஓர் அடிப்படைப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்று ஆயிற்று. யோஹானஸ் இட்டன் வடிவமைத்த பயிற்சி அது. பின்னர் அதை நடத்தியவர்களில் ஒருவரான யோசஃப் ஆல்பர்ஸ் மாணவர்களிடம் வெறும் காகிதத்தைக் கொடுத்து, அதிலேயே ஏதாவது செய்து வரச் சொல்வாராம். இன்று உலகம் முழுக்கக் கலைக் கல்லூரிகளில் 'ஃபவுண்டேஷன்' என்று நடக்கும் முதல் வருடத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

ஆனால் ஓவியமும் டிசைனும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. ஓவிய ஸ்டுடியோவில் கேள்வியையே மாணவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். டிசைன் வகுப்பில் கேள்வி வெளியிலிருந்து வருகிறது: யாருக்கு, எதற்கு, எவ்வளவு இடத்தில், எந்தத் தேதிக்குள். ஒன்றில் ஜொலிக்கிறவர் இன்னொன்றில் முழிப்பது ரொம்ப சகஜம். நன்றாக வரைகிற மாணவர்களுக்கு, தாங்கள் ஆசையாக வரைந்த படம் போஸ்டரில் எழுத்துக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டியிருப்பது தாங்க முடியாத துக்கம். பிரீஃப், அதாவது என்ன வேண்டும் என்ற வேலைக் குறிப்பு, இருந்தால்தான் கை ஓடும் என்கிறவர்களோ, 'உனக்கு என்ன தோன்றுகிறதோ செய்' என்றதும் உறைந்துபோய்விடுவார்கள். இரண்டு வகைத் தவிப்பையும் படிக்கும்போதே பட்டுவிடுவது நல்லது. இரண்டும் ஒரே பட்டத்தில் இருப்பதில் எனக்குத் தெரிந்த பெரிய லாபம் அதுதான்.

அப்புறம் கிரிட்டிக். வேலையைச் சுவரில் மாட்டிவிட்டு வகுப்பே நின்று பேசும் அந்த மணிநேரத்துக்குப் பயந்து லீவு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பயம் புரிகிறது. ராத்திரி முழுக்க விழித்துச் செய்ததைப் பற்றி ஒருவர் 'எனக்கு ஒட்டவில்லை' என்று சொல்லிவிட்டுப் போனால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் 'பிடித்திருக்கிறது', 'பிடிக்கவில்லை' இரண்டுமே கிரிட்டிக்கில் செல்லாது. 'என் கண் முதலில் கீழ் மூலைக்குப் போனது, தலைப்பை அப்புறம்தான் பார்த்தேன்' என்பதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். உங்கள் முறை வரும்போது குறிப்பெடுக்கும் வேலையை நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். பதற்றத்தில் காதில் விழுவது பாதிதான். அடுத்தவர் வேலையைப் பற்றி நீங்கள் பேசுவதிலும் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். வேலையில் வாடிக்கையாளர் முன்னால் ஒரு முடிவுக்குக் காரணம் சொல்லும் திறமை இங்கேதான் உருவாகிறது. நேர்காணலில் நான் அதிகம் கவனிப்பதும் அதைத்தான். மாணவரையே மட்டம் தட்டிப் பேசுவது மட்டும் கிரிட்டிக் ஆகாது. அப்படி நடந்தால் துறைத் தலைவரிடம் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

யாரும் சேர்க்கைக் கையேட்டில் பெரிதாக எழுதாத விஷயம் உடல்நலம். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். ஸ்டுடியோவில் மூடி போட்ட உலோகத் தொட்டி வைத்திருப்பது அதற்குத்தான், குப்பைக்கூடையில் போடக்கூடாது. ஸ்ப்ரே பசையும், கரி ஓவியம் கலையாமல் இருக்க அடிக்கும் ஃபிக்ஸேட்டிவும் காற்றோட்டம் இருக்கும் இடத்தில் மட்டும். காட்மியம், ஈயம் கலந்த நிறமிகளைத் தூளாகக் கையாளாதீர்கள், தூரிகையை வாயில் வைத்துக் கூர் செய்யாதீர்கள். உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சுக்குத் தயாராக்கும் எட்சிங் வகுப்பில் அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், ஒருபோதும் மாற்றி ஊற்றக்கூடாது. நைட்ரிக் அமிலத்துக்குப் பதிலாகப் பல ஸ்டுடியோக்களில் இப்போது ஃபெரிக் குளோரைடு பயன்படுத்துகிறார்கள். அதற்கும் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். கணினிப் பக்கம் வந்தால் மணிக்கட்டு. படிக்கும்போதே வலியோடு மவுஸ் பிடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் அது நாள்பட்ட தொல்லையாகி, ஒரு கட்டத்தில் வேலையையே நிறுத்தச் சொல்லும். தூங்காமல் வேலை செய்வதைப் பெருமையாகப் பேசும் பழக்கம் இந்தத் துறையில் அதிகம். அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எங்கே சேர்வது என்று முடிவெடுக்கும் முன் ஒன்றை எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: சேர்ந்தவுடனேயே டிசைன் பிரிவில் இடம் உறுதியா, அல்லது முதல் அல்லது இரண்டாம் வருட முடிவில் போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) தேர்வு வைத்துத்தான் எடுப்பார்களா? பல இடங்களில் அப்படி ஒரு வடிகட்டல் உண்டு. அதில் நின்றுபோனால் வேறு பிரிவுக்கு மாற வேண்டியிருக்கும், சில சமயம் வருடமும் போகும். பெயருக்குப் பின்னால் வரும் பட்டத்தையும் பாருங்கள். பிஎஃப்ஏ என்றால் பாடங்களில் பெரும்பகுதி ஸ்டுடியோவாக இருக்கும். பிஏ என்றால் மற்ற பாடங்களுக்கு அதிக இடம் இருக்கும். நேரில் போனால் காட்சிக்கூடத்தை விட்டுவிட்டு, மூன்றாம் வருட மாணவர்கள் வேலை செய்யும் அறையை எட்டிப் பாருங்கள். எல்லாருடைய வேலையும் ஒரே ஆசிரியரின் கைபோல இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

இமேஜ் ஜெனரேட்டர்கள் வந்த பிறகு போர்ட்ஃபோலியோ பார்க்கும் விதமும் மாறிவிட்டது. பளிச்சென்ற கடைசிப் படத்தை மட்டும் காட்டினால் அதில் உங்கள் பங்கு என்ன என்று எனக்குத் தெரியாது. தூக்கிப்போட்ட யோசனைகளையும் கேட்கிறேன். பென்சில் கிறுக்கல், ஒத்துவராத மூன்று லேஅவுட், கிரிட்டிக்குக்குப் பிறகு மாற்றியது, ஏன் மாற்றினீர்கள் என்ற இரண்டு வரி, இவை இருந்தால் பேச்சு தானாகவே நீளும். பயன்படுத்திய எழுத்துருவின் உரிமம், படங்கள் எங்கிருந்து எடுத்தவை என்பதையும் அதே கோப்பில் குறித்து வையுங்கள். டெஸ்க்டாப்புக்கு வாங்கிய எழுத்துரு உரிமம் பல சமயம் இணையதளத்துக்குச் செல்லாது. அதைத் தெரிந்து வைத்திருக்கும் புதியவரை எந்த அலுவலகமும் மதிக்கும்.

ஸ்டுடியோ வேலைகளை மதிப்பெண் வாங்கியவுடன் வீசிவிடாதீர்கள். பெரிய கரி ஓவியங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் செமஸ்டர் முடிவில் எல்லாரும் குப்பையில் போடுகிறார்கள். போடுங்கள், ஆனால் அதற்கு முன் சுவரில் மாட்டி, இரண்டு பக்கமும் சமமான வெளிச்சம் வைத்து, கேமராவை நேராக நிறுத்தி, பக்கத்தில், நிறத்தைப் பிறகு சரிபார்க்க உதவும் கிரே கார்டு (சாம்பல் நிற அட்டை) வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, பொருள், அளவு மூன்றும் இருக்கட்டும். இறுதியாண்டில் போர்ட்ஃபோலியோ தொகுக்க உட்காரும்போது தேட வேண்டியிருக்காது.