முதல் நாளே நூறு பஸ்கி எதற்கு?

ஜிம்மில் சேர்ந்த மூன்றாம் நாள், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது என்று வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. போன வாரமும் ஒருவர். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை, பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஓடியதுகூட இல்லை. முதல் நாளே 100 பஸ்கி, அப்புறம் காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ். மறுநாள் கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. மாஸ்டரிடம் சொன்னதற்கு, "அப்படித்தான் இருக்கும், இன்னைக்கும் வந்து செஞ்சாதான் வலி போகும்" என்றாராம். இவரும் போய்ச் செய்திருக்கிறார்.

இதற்குப் பெயர் ராப்டோமயோலிசிஸ். தசை இழைகள் சிதைந்து, உள்ளிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தம் வழியாகச் சிறுநீரகத்துக்குப் போய் அதைக் கெடுக்கும். தசை சிதைந்ததைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சி.பி.கே., 200 சொச்சம் இருக்க வேண்டியது, பல்லாயிரத்தில் நிற்கும். சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையில் 'ரத்தம்' என்று காட்டும், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுவே பெரும்பாலும் இருக்காது; மயோகுளோபினைத்தான் பட்டை ரத்தம் என்று நினைத்துக்கொள்கிறது. பயிற்சி மருத்துவர்களை மடக்க எனக்குப் பிடித்த கேள்வி இது. எல்லோருக்கும் இப்படி ஆகிவிடாது, அரிதுதான். ஆனால் ஆகத் தேவையே இல்லாதவர்களுக்கு ஆகிறது என்பதுதான் எரிச்சல்.

எல்லாவற்றுக்கும் வேர், வலித்தால்தான் உடம்பு ஏறும் என்ற நம்பிக்கை. எத்தனை தடவை சொன்னாலும் போகமாட்டேன் என்கிறது. மறுநாள் தொடங்கி இரண்டு மூன்று நாள் இருக்கும் அந்த வலி, பழக்கமில்லாத வேலையைத் தசை செய்ததற்கு அடையாளம், அவ்வளவுதான். அதே எடையை அடுத்த வாரம் தூக்கிப் பாருங்கள், பாதிகூட வலிக்காது. அதனால் பலன் பாதியாகிவிட்டதா? ஒரு கல்யாண வீட்டில் நாள் முழுக்கப் பாய் விரித்து, பந்தி பரிமாறினாலும் இடுப்பு வலிக்கும், அதற்காக உடம்பு ஏறிவிடுமா? லாக்டிக் ஆசிட் தேங்குவதால் வலிக்கிறது என்பதும் பழைய கதை. அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும். முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் தசை பெருப்பதால் வருவதில்லை, நரம்புகள் வேலையைக் கற்றுக்கொள்வதால் வருவது. கற்றுக்கொள்வதற்கு வலி எதற்கு?

இதில் அதிகம் மாட்டுபவர்கள் பயந்த சுபாவக்காரர்கள். சுற்றிலும் எல்லோரும் தன்னையே பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, "போதும் மாஸ்டர்" என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். யாரும் உங்களைப் பார்க்கவில்லை, அவரவர் கண்ணாடியில் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முழு வருடக் கட்டணத்தையே கட்டியிருந்தாலும் "இன்னைக்கு இது போதும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தயவுசெய்து சொல்லுங்கள்.

வாரத்துக்கு 2 அல்லது 3 நாள் போதும், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். முதல் வாரம் ஒவ்வொரு பயிற்சியும் ஒரே செட், 8 முதல் 12 தடவை. நிறுத்தும்போது இன்னும் மூன்று நான்கு தடவை செய்யலாம் போலிருக்க வேண்டும். எடையே மாட்டாத வெறும் ஒலிம்பிக் பார் என்ற நீளக் கம்பியே 20 கிலோ, அதுவும் கனம் என்றால் 2 கிலோ டம்பெல் எடுங்கள், கேவலம் ஒன்றும் இல்லை. 12 தடவைக்கு மேல் சுலபமாகப் போகிறதா, 2 முதல் 10 சதவீதம் ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்காதீர்கள். புரோட்டீன் பவுடரைப் பற்றி முதல் மாதம் என்னிடம் கேட்கவே வேண்டாம், முட்டையும் சுண்டலும் சாப்பிடுங்கள்.

சிறுநீர் கறுத்தாலோ, தொடை கல்லாக வீங்கினாலோ, கையை மடக்க முடியாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 'உடம்புச் சூடு' என்று இளநீர் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியம் ஏற்கெனவே ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருக்கும், இளநீரிலும் இருப்பது அதுவே. அது எகிறினால் இதயத் துடிப்பு தடுமாறும். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது அதைவிட மோசம், தவிக்கிற சிறுநீரகத்துக்கு அது இன்னொரு அடி.

மாஸ்டர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாக வருகிறவரைக் கையோடு பஸ்கி போட விடாமல், முதலில் ரெண்டு வார்த்தை விசாரியுங்கள். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, ராத்திரி தூங்கினாரா, பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை எடுக்கிறாரா என்று கேளுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரைகளில் ஸ்டாட்டின் வகை சிலருக்குத் தசையைப் பாதிக்கும். எடுக்கிறார் என்றால் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள், அவருடைய டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.