வெக்கையில் காற்சட்டை: புடவையும் வெட்டும் கிணற்று நீரும்

புடவைக் கடையில் ஜீன்ஸ் ஒன்றைக் கையில் எடுப்பவர், விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்னர் அதன் கால்முனையை மடித்து உட்புறத்தைப் பார்ப்பது நல்லது. வெளியே கருநீலமாகத் தெரிகின்ற துணி உள்ளே ஏறத்தாழ வெள்ளையாக இருக்கும். கிட்ட வைத்துப் பார்த்தால் சாய்வான மெல்லிய வரிகளும் தெரியும். குறுக்கே ஓடும் ஊடை இழை, நெடுக்கே ஓடும் மூன்று பாவிழைகளின் கீழே சென்று, ஒன்றின் மேலேறி, அடுத்த வரிசையில் ஓரிழை தள்ளி அதையே செய்வதனால் அந்தச் சாய்வு உண்டாகிறது. ருவில் எனப்படும் இந்நெசவில் இழைகள் குறுக்கிடும் இடங்கள் குறைவு. ஆகவே இழைகளை நெருக்கமாக அடுக்க முடிகிறது. துணி உறுதியாக வருகின்ற அதேவேளை, இழைகள் சற்று அசைய இடமிருப்பதால் முழங்கால் மடியும்போது இணங்கியும் கொடுக்கிறது. ஜீன்சில் பாவு மட்டுமே அவுரி நீலம் தோய்க்கப்படுகிறது. அச்சாயம் நூலின் நடுவரை ஊறாமல் மேற்பரப்பிலேயே தங்குவதனால்தான் தொடையிலும் முழங்காலிலும் முதலில் வெளுக்கிறது. அது துணியின் இயல்பேயன்றித் தரக்குறைவு அன்று.

ஆனால் சித்திரை வெக்கையில் உறுதியை விட வியர்வையே பெரிய கேள்வி. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறத்தாழ 2,400 யூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அந்த ஆவி வெளியேற வழியில்லையென்றால் வியர்த்தும் பயனில்லை. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் 8 சதவீதமளவு நீரைத் தனக்குள் ஏற்கிறது, பொலியெஸ்ரரோ அரைச் சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. எனினும் பருத்தியென்று பெயரிருந்தால் போதாது. தடித்த ஜீன்ஸ் நனைந்தால் உலர நேரமெடுத்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். யாழ்ப்பாணத்துப் பகலுக்கு மெல்லிய பருத்தி ருவிலோ, லினன் கலந்த துணியோதான் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. தொடையில் இரண்டு விரலால் பிடித்து இழுக்குமளவு தளர்வும் வேண்டும். நடக்கும்போது அந்த இடைவெளி சுருங்கி விரிந்து, துருத்திபோல ஈரக் காற்றை வெளியே தள்ளுகிறது.

நிறத்தைத் தெரிவுசெய்வதற்கும் இந்த வியர்வையிலிருந்தே ஒரு வழி கிடைக்கிறது. இழைகளுக்கிடையே காற்று இருக்கும்வரை அவற்றில் பட்ட ஒளி சிதறித் திரும்புகிறது. அவ்விடத்தை நீர் நிரப்பியதும் சிதறல் குறைந்து, ஒளி துணிக்குள் ஆழமாகச் சென்று சாயத்தில் உறிஞ்சப்படுவதால் நனைந்த இடம் கறுத்துத் தெரிகிறது. சாம்பலிலும் இளங்காக்கியிலும் இது பளிச்செனத் தெரியும். கருநீலம் ஏற்கெனவே இருண்டது, வெள்ளையிலோ உறிஞ்சுவதற்குச் சாயமே இல்லை. சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் கருநீலத்தை எடுப்பது நல்லது.

அதே சைக்கிள்தான் வெட்டையும் சோதிக்கிறது. இருக்கையில் அமர்ந்து முன்னால் குனியும்போது இடுப்புக்குப் பின்னால் உடலின் நீளம் கூடுகிறது, முன்புறம் மடிந்து குறைகிறது. இதனால்தான் தையற்காரர் பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட உயர்த்தி வெட்டுகிறார். இடுப்பெலும்புக்குக் கீழே நிற்கும் காற்சட்டையில் அந்த நீளம் போதாமல் பின்புறம் இறங்கிவிடும், பெல்ற்றை இறுக்கினாலும் அது மாறாது. கடையில் நின்று மட்டும் பார்க்காமல் ஒருமுறை குந்திப் பார்த்தே வாங்க வேண்டும். தொப்புளுக்குச் சற்றுக் கீழே நிற்கும் வெட்டு பெரும்பாலானோருக்குச் சரியாக அமைவதோடு, சேர்ட்டை உள்ளே விட்டாலும் வெளியே விட்டாலும் காலை நீளமாகக் காட்டும். கால்முனை சப்பாத்தின் மேல் மெல்லத் தொட்டு நின்றாற் போதும். செருப்பு அணிவதாயின் கணுக்காலோடு நிறுத்தலாம். புதுப் பருத்தியைத் தோய்க்கும்போது, நெசவில் இழுபட்டிருந்த நூல் தளர்ந்து நீளம் சுருங்கக்கூடும். ஆகவே ஒருமுறை தோய்த்த பின்னரே கால்முனையை வெட்டி மடித்துத் தைப்பிக்க வேண்டும்.

தோய்ப்பதில் எங்கள் ஊருக்கென ஒரு சிக்கல் உண்டு. குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கல்லிலிருந்து ஊறுபவை. அந்நீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத படிவாகி இழைகளில் ஒட்ட, துணி விறைத்து நிறம் மங்குகிறது. சலவைத் தூளில் இப்படிவு குறைவு. மாரியில் கூரைப் பீலியால் விழும் மழைநீரில் கல்சியம் அநேகமாக இல்லாததால், அதில் அலசிய காற்சட்டை தொட்டாலே மென்மையாக இருக்கும். அலசியதும் உட்புறத்தை வெளியே புரட்டி, கால்முனைகளைக் கொடியில் மாட்டி நிழலில் தொங்கவிட வேண்டும். ஈரத்தில் தளர்ந்த பருத்தி மூலக்கூறுகளின் பிணைப்புகள் உலரும்போதிருக்கும் நிலையிலேயே மீண்டும் இறுகுவதால், கீழே தொங்கும் இடுப்புப் பட்டியின் பாரமே கசங்கல் சுருக்கங்களில் பலவற்றை நீக்கிவிடும்.