ஜிமெயில் திறக்கவில்லையா? பழைய போனை முதலில் எடுத்து வையுங்கள்

மொபைல் சர்வீஸ் கடைக்கு "என் ஜிமெயிலை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்று பதறிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் நடந்தது வேறு. புதுப் போன் வாங்கியிருப்பார்கள், பாஸ்வேர்டு மறந்திருக்கும், கணக்கில் கொடுத்த பழைய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருப்பார்கள். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாளைக்கு வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. அதன்பிறகு அது யார் கைக்கும் போகலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இப்படித்தான் வந்தார். பழைய போன் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது, சிம்மும் இல்லை. பென்ஷன் கடிதங்கள், பேரக்குழந்தையின் படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில். கடையில் எத்தனை முறை முயன்றாலும், கணக்கு அவருடையதுதான் என்று உறுதி செய்ய முடியவில்லை என்றே திரையில் வந்தது. வீட்டில் லேப்டாப் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். மகன் விட்டுப்போன ஒன்று இருந்தது. அதில்தான் முன்பு மெயில் பார்ப்பாராம். "அம்மா, வீட்டு வைஃபையிலேயே, அதே குரோமில் போட்டுப் பாருங்க. பழைய பாஸ்வேர்டு எது ஞாபகம் வந்தாலும் கொடுங்க" என்றேன். அன்று மாலையே திறந்துவிட்டது.

இதில் மாயம் எதுவும் இல்லை. மீட்கும்போது கூகுள் நீங்கள் சொல்லும் பதிலை மட்டும் பார்ப்பதில்லை. வழக்கமாக நுழையும் கருவியா, பிரவுசரா, இடமா என்றும் கவனிக்கிறது. அதனால் கடையில் உட்கார்ந்து முயல்வதைவிட வீட்டில் முயல்வது நல்லது. தெரியாத கேள்வியைத் தாண்டிப் போகாமல், தோன்றுவதைக் கொடுங்கள். தப்பாக ஊகித்ததற்காக வெளியே தள்ளிவிட மாட்டார்கள்.

எனக்கு உண்மையிலேயே வேதனை தருவது இன்னொன்று. அவசரத்தில் "ஜிமெயில் கஸ்டமர் கேர்" என்று தேடி, கிடைத்த எண்ணுக்குப் போன் செய்கிறார்கள். இப்படிப் போனில் பேசிக் கணக்கை மீட்டுத் தரும் சேவை எதுவும் கூகுளிடம் இல்லை. எதிர்முனையில் இருப்பவர் எனிடெஸ்க் (உங்கள் போனைத் தூரத்திலிருந்தே மற்றவர் பார்க்கவும் இயக்கவும் விடும் செயலி) போடச் சொல்வார், ஓடிபி கேட்பார். கணக்கோடு வங்கிப் பணமும் போகும். பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

சரி, இப்போது கணக்கு திறந்திருக்கிறவர்கள் செய்ய வேண்டியது: மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் இன்று உங்களிடம் இருப்பவைதானா என்று பாருங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பைப் போட்டால், போன் கையில் இல்லாதபோது நுழைய உதவும் பேக்கப் கோடுகள் 10 கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒருமுறைக்குத்தான். அவற்றைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். போனிலேயே படம் எடுத்து வைத்தால் போன் தொலையும்போது அதுவும் சேர்ந்தே போய்விடும். அப்புறம், புதுப் போனில் மெயில் திறந்து இரண்டு வாரம் ஒழுங்காக ஓடும்வரை பழையதை ரீசெட் செய்யாதீர்கள், எக்ஸ்சேஞ்சுக்கும் கொடுக்காதீர்கள்.