முகத்துவாரத்தை நம்பி ஆணி அடிக்காதீர்கள்

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள் நிற்கின்றன. அவற்றைப் படம் எடுக்க வருகிறவர்களில் பலர், பக்கத்தில் புதர் மண்டிக் கிடக்கும் மேட்டைக் கவனிக்காமலே படகுத்துறைக்குப் போய்விடுகிறார்கள். அந்த மேடுதான் கெல்ட்ரியா கோட்டை. 1613-இல் எழும்பி, சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தலைமையிடமாக இருந்த இடம். கோட்டை அழிந்துவிட்டது. ஆனால் கம்பெனி வரைந்த படங்கள் ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஸ்கேன் செய்து இணையத்திலும் வைத்திருக்கிறார்கள்.

கொத்தளம் எந்த இடத்தில் இருந்தது, அகழி எந்தத் தெருப் பக்கம் ஓடியது என்று அறிய வேண்டுமானால், அப்படி ஒரு படத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்த வேண்டும். ஜியோரெஃபரன்சிங் என்று இதைச் சொல்வார்கள். அப்படியே எடுத்து வைத்தால் பொருந்தாது. அந்தக் காலத்தில் தீர்க்கரேகையைத் துல்லியமாக அளக்க வழியில்லை. அளவுகோல் ரைன்லாந்து கோல் என்ற பழைய டச்சு அளவில் இருக்கும். ஒரு கோல் 12 அடி, சுமார் 3.77 மீட்டர். அந்த அடியும் நம் அடி இல்லை, 31.4 சென்டிமீட்டர். ஆங்கில அடி என்று நினைத்துக் கணக்குப் போட்டால் ஆயிரம் அடிக்கு ஒன்பது மீட்டர் தப்பும். ஒன்பது மீட்டர் என்றால் ஒரு வீட்டு அகலம். போதாக்குறைக்கு, காந்த ஊசி காட்டும் வடக்கு காலத்துக்குக் காலம் நகரும். காகிதம் சுருங்கும், மடிப்பில் கோணும்.

சரி, எப்படிப் பொருத்துவது? பழைய படத்திலும் இன்றைய படத்திலும் ஒரே இடம் என்று உறுதியாகத் தெரிகிற புள்ளிகளைத் தேடி, இரண்டையும் இணைத்து ஆணி அடிக்கிறோம். படத்தை நகர்த்த, திருப்ப, நீட்ட, சாய்க்க என்று மொத்தம் ஆறு எண்கள் தெரிந்தாக வேண்டும். ஒரு புள்ளி கிழக்கு-மேற்காக ஒன்று, வடக்கு-தெற்காக ஒன்று என இரண்டு சமன்பாடுகள் தரும். ஆகவே, ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று புள்ளிகள் போதும்.

ஆனால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. மூன்று புள்ளி மட்டும் வைத்தால், அவை தப்பாகவே இருந்தாலும் கணக்கு கச்சிதமாகப் பொருந்திவிடும். நான்காவது புள்ளி வரும்போதுதான் உண்மை வெளிவரும். கோவில், கல்லறை, பள்ளிவாசல் மூன்றையும் ஊன்றியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். கோட்டையின் ஒரு மூலை நாற்பது மீட்டர் தள்ளி விழுகிறது. படம் தப்பா, நாம் அடித்த ஆணி தப்பா? இந்த மிச்சப் பிழையைப் பார்த்துப் பார்த்துத்தான் வேலை நடக்கிறது. சில மென்பொருள்கள் படத்தை ரப்பர் தாள் போல இழுத்து எல்லா ஆணியிலும் சரியாக உட்கார வைத்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். பிழை காணாமல் போவதில்லை, ஆணிகளுக்கு நடுவே போய் ஒளிந்துகொள்கிறது. என்னைக் கேட்டால், ரப்பர் தாளைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

எதை ஆணியாக எடுக்கலாம் என்பது கணினிக்குத் தெரியாது. பழவேற்காடு ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் படத்தில் பளிச்சென்று தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர் முதலில் அதைத்தான் பிடிப்பார். பழவேற்காட்டு மீனவர் யாரைக் கேட்டாலும் சிரித்துவிடுவார். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் மணலை உடைத்துத் திறக்கும், கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து மூடும். வாய் இருக்கிற இடமும் நகர்ந்துகொண்டே இருக்கும். அதில் அடித்த ஆணி ஊர் முழுவதையும் சேர்த்து இழுத்துவிடும்.

இந்த வேலை ஒரே நாட்டில், ஒரே துறையில் முடியாது. 2012-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கல்விக்கழகமும் வெனிஸின் கா ஃபோஸ்காரி பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய வெனிஸ் டைம் மெஷின் திட்டத்தில், 1808-இல் தொடங்கிய நெப்போலியன் கால நில அளவைப் படத்தைக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு மனைக்கும் ஒரு எண், அந்த எண்ணுக்குத் தனிப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர். நம் சர்வே எண்ணும் பட்டாவும் மாதிரியேதான்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வளர்ந்த ஆல்மேப்ஸ் என்ற இணையக் கருவி எனக்கு இன்னும் பிடித்தது. வரைபடம் ஹேக்கிலேயே இருக்கும். அதை எடுத்து வர வேண்டாம். எந்த ஆணி எங்கே என்ற சின்ன எழுத்துக் கோப்பு மட்டும் தனியாக இருக்கும். நம் உலாவியே அதைப் படித்துப் படத்தை வளைத்துக் காட்டிவிடும். பொன்னேரியில் உட்கார்ந்திருப்பவர் ஒரு ஆணியைத் திருத்தினாலும் மூலப்படத்துக்குக் கீறல் விழாது.

நம் பக்கத்திலும் நல்ல ஆணிகள் இருக்கின்றன. 1953 வரை ஏரியின் இரு கரையும் சென்னை மாகாணம்தான். அதனால் இன்று ஆந்திரத்தில் இருக்கிற ஊர்களுக்கும் நம் ஊர்களுக்கும் ஒரே முறையில் புல வரைபடங்கள் உண்டு. பழையவற்றில் அளவு, நில அளவைச் சங்கிலியிலும் அதன் ஒரு கண்ணியான லிங்கிலும் இருக்கும். கிராம எல்லைகள் கூடுகிற இடத்துச் சர்வே கல் இன்னும் நின்றால், அதைவிட நல்ல ஆணி கிடைக்காது.

அப்புறம் பெயர்கள். லண்டனின் ஆலன் டூரிங் நிறுவனமும் தென் கலிபோர்னியா, மினசோட்டா பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, படத்தில் எழுதியிருப்பதைக் கணினியே படிக்கும்படி செய்திருக்கிறார்கள். அது எழுத்தைப் படிக்கும், ஊரை அறியாது. ஐரோப்பியர் படத்தில் பலியாகட்டா என்றோ புலிகாட் என்றோ இருக்கும், ழகரம் போயே போய்விட்டது. நமக்குப் பழவேற்காடு. ஏரியைத் தெலுங்கில் பிரளய காவேரி என்கிறார்கள். இவற்றை யாராவது உட்கார்ந்து இணைத்து எழுதிக் கொடுத்தால்தான் தேடுகிறவருக்குக் கிடைக்கும். எல்லையோர ஊர்களான தடாவிலும் ஆரம்பாக்கத்திலும் இரண்டு மொழியும் பேசுகிறவர்களுக்குக் குறைவில்லை.