முள் நடுவில்தான் இருந்தது

காலையில் ஊட்டியில் முன்கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டுச் சாவியைத் திருகினால் ஒரே திருகலில் கிளம்பும் வண்டி. குன்னூர் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு கால் மணி நேரத்தில் திரும்பி வந்து திருகினால் இருமும், திணறும், பெட்ரோல் நாற்றம் அடிக்கும். ஒருவழியாகக் கிளம்பும்போது பின்னால் கரும்புகை. குளிரில் அடம்பிடிக்கும் பழைய வண்டிகளை மலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். சூடேறியதும் அடம்பிடிக்கிற வண்டி எனக்குப் புதிது. இத்தனைக்கும் டாஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் சரியாக நடுவில் நின்றது.

என்னுடையது 2001ஆம் ஆண்டு மாடல், சிறிய பெட்ரோல் கார். மெக்கானிக் அண்ணன் புகைக்குழாய்க்குள் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். மை போலக் கரி.

"மலைக்காற்று மெலிசு சார். அதனால்தான் பெட்ரோல் கூடுகிறது" என்றார்.

காற்றில் பெட்ரோலைக் கலந்துவிடும் பழைய கருவியான கார்புரேட்டர் உள்ள வண்டிக்கு இது முழு உண்மை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே ஊற்றிய அளவிலேயே இங்கும் ஊற்றும். என் வண்டியிலோ கார்புரேட்டர் கிடையாது. உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் கணினிப் பெட்டி இருக்கிறது. மலை ஏறியதை அது தானே தெரிந்துகொள்ளும். ஆகவே சந்தேகம் சென்சார் பக்கம் திரும்பியது. அங்கே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன்.

உதிரிபாகக் கடையில் "டெம்பரேச்சர் சென்சார்" என்று கேட்டேன். கடைக்காரர் ஒற்றைப் பின் வைத்த பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்துப் போட்டார். என்ஜினிலும் அதே மாதிரி ஒன்று கண்ணில் பட்டது. மாற்றினேன். முள் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது. புகையும் முன்பு வந்த மாதிரியே வந்தது.

அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் என்ஜின் தண்ணீரின் சூட்டைக் கேட்க இரண்டு மூன்று காதுகள் உண்டு. ஒற்றை வயர் போகும் சென்சார் டாஷ்போர்டு முள்ளுக்கு உரியது. இரண்டு வயர் போகும் சென்சார் கணினிப் பெட்டிக்கு உரியது. மூன்றாவது ஃபேன் ஸ்விட்ச்: குறிப்பிட்ட சூட்டில் 'கிளிக்' என்று இணைத்து ரேடியேட்டர் விசிறியைச் சுற்ற வைக்கும், அவ்வளவுதான், அளவு சொல்லாது. மூன்றும் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) கூட்டின் அருகிலோ, என்ஜினிலிருந்து வெந்நீர் வெளியேறும் இடத்திலோ, ரேடியேட்டரிலோ குடியிருக்கும். காற்றுக்குழாயிலும் இரண்டு வயரோடு ஒரு சென்சார் இருக்கலாம். அது காற்றின் சூட்டை அளப்பது, தண்ணீரோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது. முள்ளுக்கு 90 டிகிரி என்று ஒரு சென்சார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பெட்டிக்கு வெதுவெதுப்பு என்று இன்னொன்று சொல்லிக்கொண்டிருக்கலாம். என் வண்டியில் நடந்தது அதுதான்.

ஒற்றை வயர் சென்சாரையும் முள்ளையும் சோதிப்பது எளிது. சாவியை ஆன் செய்து, வயரைக் கழற்றினால் முள் குளிர்ப் பக்கம் விழ வேண்டும். அந்த வயரை ஒரு நொடி என்ஜின் இரும்பில் தொட்டால் சூட்டுப் பக்கம் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரும் நலம். கடைக்குப் போவதற்கு முன்னால் இதைச் செய்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

இந்தச் சென்சார்களின் நுனியில் மிளகளவு ஒரு மணி இருக்கிறது. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைப் பொடித்து, அழுத்தி, சூளையில் சுட்ட ஒருவகைப் பீங்கான். பெயர் தெர்மிஸ்டர். செம்புக் கம்பியைச் சூடாக்கினால் மின்தடை கூடும். இது நேர்மாறு: சூடாக ஆக எலக்ட்ரான்கள் கட்டு அவிழ்ந்து நகரத் தொடங்குவதால் தடை குறைந்துகொண்டே போகும். வெள்ளி சல்பைடில் இந்த விசித்திரத்தை மைக்கேல் ஃபாரடே 1833ஆம் ஆண்டிலேயே கவனித்திருக்கிறார். கணினிப் பெட்டி ஐந்து வோல்ட்டை உள்ளே ஒரு நிலையான தடை வழியாக அனுப்பி, சென்சாரில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கும். அதிகம் மிஞ்சினால் குளிர், குறைவாக மிஞ்சினால் சூடு.

குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. பாதி குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் பெட்டி கூடுதலாகத் தெளிக்கும். பழைய வண்டியில் நாம் கையால் சோக் இழுத்தோமே, அதே வேலை. சூடான என்ஜினைக் குளிர்ந்தது என்று நம்பினால் நாள் முழுக்கச் சோக் இழுத்தபடி ஓட்டிய கதைதான்: கரி, பெட்ரோல் நாற்றம், வழியும் பிளக்.

வயர் அறுந்து போயிருந்தால்கூடத் தேவலை. அப்போது தடை எல்லையற்றது. பெட்டிக்கு அது மைனஸ் 40 டிகிரி என்று தெரியும். பெரும்பாலான பெட்டிகள் அதை நம்புவதில்லை. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, சூடான என்ஜின் என்று தாமாகவே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும். நம்பும்படியாகப் பொய் சொல்லும் சென்சார்தான் ஆபத்து. விளக்கும் எரியாது.

இரண்டு வயர் கனெக்டரைக் கழற்றியபோது பின்களில் பச்சைக் களிம்பு. நீலகிரி மழைக்காலத்தில் எதில்தான் அது இல்லை? சுரண்டித் துடைத்தும் பலனில்லை. சென்சாரைக் கழற்றிச் சமையலறைக்கு எடுத்து வந்தேன். என்ஜின் தண்ணீரில் கலந்திருக்கும் கூலன்ட் நஞ்சு; அதனால் நன்றாகக் கழுவி, இனிச் சமையலுக்கு எடுக்கப்போவதில்லை என்று அம்மாவிடம் சத்தியம் செய்து ஒரு பழைய டின்னை வாங்கினேன். சென்சாரின் நுனி மட்டும் தண்ணீரில் முங்கும்படி, டின்னின் அடியைத் தொடாமல், கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர், பின்களில் தடையை அளக்கும் மல்டிமீட்டர்.

இவ்வகைச் சென்சார் பல கார்களில் 20 டிகிரியில் 2,500 ஓமை ஒட்டியும், 80 டிகிரியில் 300 ஓமை ஒட்டியும், 100 டிகிரியில் 200 ஓமுக்குக் கீழேயும் காட்டும். சரியான எண் அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். பலர் தெர்மாமீட்டர் வைப்பதில்லை. "கொதிக்கிறது, ஆகவே 100 டிகிரி" என்று முடித்துவிடுவார்கள். சென்னையில் அது சரி. ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாத குறை இங்கே எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். நல்ல சென்சார் அந்தச் சூட்டில் சுமார் 225 ஓம் காட்டும். அதை 100 டிகிரிக்கான எண்ணோடு ஒப்பிட்டால், நல்லதைக் கெட்டது என்று குப்பையில் போட்டுவிடுவோம்.

என் சென்சார் 20 டிகிரியில் 3,250 ஓம் காட்டியது. கொதிநீரில் 1,030. முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு இருக்க வேண்டிய எண்ணைக் கழித்துப் பார்த்தேன். குளிரில் ஏறத்தாழ 800 கூடுதல். சூட்டிலும் அதே 800 கூடுதல். அப்படியென்றால் மிளகு மணியில் குறையில்லை. அதற்கும் பின்னுக்கும் நடுவே உள்ள இணைப்பு கெட்டு, 800 ஓம் வரி வசூலித்துக்கொண்டிருக்கிறது. குளிரில் இரண்டாயிரத்துச் சொச்சத்தோடு 800 சேர்ந்தால் ஐந்தாறு டிகிரிதான் பிசகும். வண்டி சமத்தாகக் கிளம்பும். சூட்டில் 225 இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரம் என்றால், பெட்டியின் கணக்கில் என்ஜின் வெறும் 44 டிகிரி. காலையில் சமர்த்து, குன்னூரில் சண்டித்தனம் என்ற புதிர் டின்னுக்குள் அவிழ்ந்தது. கனெக்டர் பின்களில் களிம்பு ஏறினாலும் இதே விளைவுதான் என்பதால், முதலில் சுரண்டிப் பார்ப்பது காசில்லாத வைத்தியம்.

மாற்றும் வேலை சின்னது, அவசரப்பட்டால் சுட்டுவிடும். என்ஜின் முழுக்க ஆறட்டும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால்தான் தண்ணீர் 110 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. 95 டிகிரியில் மூடியைத் திறந்தால் மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் ஒருவேளை தப்பிக்கலாம். ஊட்டியில் அந்த நொடியே கொதித்து முகத்தில் பீறிடும். ஆறிய பிறகு, சென்சாரின் மட்டத்துக்குக் கீழே இறங்கும் வரை கூலன்டை வடித்துவிட்டு, ஆழமான சாக்கெட்டால் கழற்ற வேண்டும். அலுமினியத்தில் பித்தளை ஏறியிருக்கிறது. பலம் காட்டினால் மரை போய்விடும். வாஷர் உள்ள வகைக்குப் புது வாஷர் போதும். ஒற்றை வயர் சென்சாரில் மட்டும் வெள்ளை டேப்பைச் சுற்றித் தள்ளாதீர்கள். அதன் மின்சாரம் மரை வழியாகவே என்ஜின் உடலுக்குத் திரும்புகிறது. டேப் அந்த வழியை அடைத்தால் முள் சோம்பிக் கிடக்கும்.

கூலன்டை மீண்டும் ஊற்றியதும் உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்க வேண்டும். ஊட்டியில் அதற்கு மேடு தேடி அலைய வேண்டியதில்லை. ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து வைத்தே கிளப்பி, தெர்மோஸ்டாட் திறந்து குமிழி நிற்கும் வரை ஊற்றிக்கொண்டிருந்தேன். சென்சாரின் நுனி காற்றுக் குமிழிக்குள் நின்றால் தண்ணீரின் சூடு அதற்கு முழுதாக எட்டாது. கல்லாறு தாண்டி ஏறும்போது ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கக் கொட்டிய வண்டியில் முள் கீழே இறங்குவதும் இதனால்தான். "முள் இறங்கிவிட்டது, ஆறிவிட்டது" என்று மேலே ஓட்டியவர்கள் சிலிண்டர் ஹெட்டை மாற்றியிருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்துக் குன்னூர் மார்க்கெட்டில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் திருகினேன். ஒரே திருகல். அங்கிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது முள் நடுவிலிருந்து கொஞ்சம் சரிந்தது. பக்கத்தில் இருந்த மாமா பதறினார்.

"இதுவும் போய்விட்டதா?"

"இல்லை மாமா. இரண்டாவது கியரில் இறங்குகிறோம். என்ஜினுக்கு வேலையே இல்லை, ஆறுகிறது" என்றேன்.

பர்லியாறு தாண்டிச் சமதளத்துக்கு வந்ததும் முள் தன் இடத்துக்கு ஏறிக்கொண்டது. ஏறாமலே இருந்திருந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டதா என்று பார்த்திருப்பேன். அவசரப்பட்டுக் கழற்றிய அந்த ஒற்றைப் பின் சென்சாரையும் ஒருநாள் டின்னில் தொங்கவிட்டேன். சூடேற ஏற ஓம் சீராக இறங்கியது. துடைத்து, டாஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.