யார் காற்று வாங்குவது?

சென்னையில் காற்று வாங்குவது என்றால் சுண்டல் பொட்டலத்தோடு மெரினா மணலில் உட்காருவது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தே காலுக்கு ஈ.சி.ஆரில் சைக்கிள் மிதிப்பவர்களைக் கேட்டால் வேறு அர்த்தம் சொல்வார்கள்: முன்னால் போய் எதிர்காற்றைத் தாங்குவது. திருவான்மியூரில் கிளம்பி மாமல்லபுரம் வரை போகும் எங்கள் குழுவில் எட்டுப் பேர். முட்டுக்காடு நெருங்கும்போது முன்னால் போகிறவர் முழங்கையை லேசாக ஆட்டுவார். இனி முடியாது, அடுத்த ஆள் வரலாம் என்று பொருள். "அக்கா, நீங்க பின்னாடி போங்க, நான் கொஞ்சம் காத்து வாங்குறேன்" என்று பின்னாலிருக்கும் பெண் முன்னேறுவாள். அக்கா மெல்ல வரிசையின் கடைசிக்கு வந்து, முன்னே போகும் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் விட்டு ஒட்டிக்கொள்வார். வேகம் குறையவில்லை; ஆனால் ஒரே நிமிடத்தில் அக்காவுக்குப் பேச்சு திரும்பிவிடும்.

ஐரோப்பாவின் பெண்கள் தொழில்முறை சைக்கிள் அணிகள் ஜனவரியிலிருந்து அக்டோபர் வரை செய்வதும் அடிப்படையில் இதுதான். யார், எப்போது, யாருக்காகக் காற்று வாங்குவது என்ற கணக்கு.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 68 கிலோ, சமதரை, காற்று அசையாத காலை. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் எதிரே உள்ள காற்றை விலக்க ஏறக்குறைய 22 வாட் போதும். டயர் உருள 17 வாட். வேகத்தை 36 ஆக்கினால் டயருக்கு 33 வாட்தான். காற்றுக்கோ 174 வாட். வேகம் இரண்டு மடங்கு, கூலி எட்டு மடங்கு. காரணம் எளிது. ஒரு விநாடியில் இரண்டு மடங்கு காற்று குறுக்கே வருகிறது; அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஒதுக்கித் தள்ள வேண்டும்; ஆகத் தடை நான்கு மடங்கு. அந்தத் தடையை எதிர்த்து, அதே விநாடியில் இரண்டு மடங்கு தூரம் போயாக வேண்டும். ஆகவே எட்டு. வீட்டில் சுற்றும் பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். 18 கி.மீ. வேகத்தில் நம் கால்கள் அரை ஃபேன் ஓட்டுகின்றன, 36-இல் ஏறக்குறைய மூன்று ஃபேன்.

முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துவிட்டுப் போக, அவர் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பொந்து உண்டாகிறது. அதற்குள் நுழைந்தவருக்குக் காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ குறையும். ஒரு ஃபேனை அணைத்த மாதிரி. பள்ளிக்கூட நாட்களில் மாநகரப் பேருந்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு பறந்தவர்களுக்கு இது தெரியும். (செய்யாதீர்கள். பஸ்ஸின் பிரேக் நம் பிரேக்கைவிட நல்ல பிரேக்.) கூட்டம் பெருக்கப் பெருக்க லாபமும் பெருகும். 121 பேர் அடங்கிய கூட்டத்தை பெர்ட் பிளாக்கன் என்ற பொறியியலாளரின் குழு கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டது. கூட்டத்தின் நடு, பின்பகுதியில் ஒடுங்கியிருப்பவருக்கு, தனியாகப் போகும்போது இருக்கும் காற்றுத் தடையில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான் மிஞ்சுகிறதாம்.

பெரும்பாலான பெரிய பந்தயங்களில் ஓர் அணிக்கு 6 பேர். பல நாள் ஓடி, மொத்த நேரம் குறைந்தவர் ஜெயிக்கும் பெண்கள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் ஃபெம்மில் 7 பேர். ஜெயிக்க வேண்டியவர் ஒருவர்தான். மற்றவர்களை டொமெஸ்டிக் என்பார்கள். பிரெஞ்சில் வீட்டு வேலையாள். காற்றைத் தடுப்பதோடு அவர்கள் வேலை முடியாது. பின்னால் வரும் அணி கார்வரை பின்தங்கிப்போய், சட்டைக்குள்ளும் முதுகுப் பைக்குள்ளும் தண்ணீர் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, ஆறு பாட்டில் என்றால் மூன்று கிலோ கூடுதல் சுமையோடு, கூட்டத்தின் முன்வரிசைக்கு மறுபடி ஏறிவர வேண்டும். பந்தயத்திலேயே கொடுமையான வேலை இதுதான் என்பேன். டிவியில் ஐந்து விநாடிகூடக் காட்டமாட்டார்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு எதைக் காப்பாற்றுகிறார்கள்? மாடியில் இருக்கும் ஓவர்ஹெட் டேங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சும் இதயமும் மோட்டார். நிதானமாக, மணிக்கணக்கில் ஏற்றிக்கொண்டே இருக்கும். மோட்டார் ஏற்றும் அளவுக்குள் குழாய் திறந்திருக்கும்வரை டேங்க் நிறைந்தே இருக்கும். ஓர் ஏற்றத்திலோ கடைசி ஓட்டத்திலோ எல்லாக் குழாயையும் திறந்தால் டேங்க் சரசரவென்று இறங்கும். நன்றாகப் பழகிய உடம்பிலும் அது சில நிமிடங்களுக்குத்தான் வரும். மறுபடி நிரம்ப, வேகத்தைக் குறைத்தாக வேண்டும். பந்தயத்தின் கடைசி ஏற்றம்வரை தலைவியின் டேங்க் குறையாமல் பார்த்துக்கொள்ளத்தான் மற்றவர்கள் தங்கள் டேங்கைக் காலி செய்கிறார்கள்.

சீசன் முழுவதற்கும் இதே கணக்கு, நிமிடங்களுக்குப் பதில் மாதங்கள். ஜனவரியில் ஆஸ்திரேலியா, மார்ச்சில் இத்தாலி, ஏப்ரலில் பெல்ஜியமும் வட பிரான்சின் கருங்கல் பாவிய சாலைகளும், கோடையில் மலைகள், அக்டோபரில் சீனா. உச்ச நிலையில் ஓர் உடம்பு சில வாரங்கள்தான் நிற்கும். அதனால் யாரை எந்த மாதம் கூர்தீட்டுவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று அணி முன்கூட்டியே பிரித்துவிடும். கருங்கல் சாலைக்கு எடையோடு கூடிய பலம் வேண்டும். மலைக்கு எடை எதிரி. இரண்டுக்கும் ஒரே ஆள் பொருந்துவது அபூர்வம். 2025-இல் பவுலின் ஃபெராண்ட்-பிரெவோ ஏப்ரலில் கருங்கல் சாலைப் பந்தயமான பாரிஸ்-ரூபேயையும், ஆகஸ்டில் மலைகளில் முடிவாகும் டூர் டி பிரான்ஸ் ஃபெம்மையும் வென்றார். அதனால்தான் அதை இன்னும் பேசுகிறோம்.

பக்கக்காற்று வந்தால் கதை மாறும். அதற்கு நம் ஈ.சி.ஆரே நல்ல ஆய்வுக்கூடம், ஏனென்றால் சாலை வடக்கு-தெற்கு, கடற்காற்று கிழக்கிலிருந்து. தாமதமாகக் கிளம்பி, வெயில் ஏறியபின் மாமல்லபுரத்திலிருந்து திரும்புகிறவர்களுக்குக் காற்று வலது தோளில் அடிக்கும். அப்போது நேர் பின்னால் ஒதுங்கினால் பயனில்லை. பொந்து இடதுபக்கம் சாய்ந்துவிடுகிறது. எனவே ஒவ்வொருவரும் முன்னவருக்குச் சற்று இடப்பக்கமாக, வாத்துக்கூட்டம்போல் சாய்வாக வரவேண்டும். நான்காவது ஆளுக்குச் சாலை தீர்ந்துபோய் மணல் வந்துவிடும். ஐரோப்பாவில் பலமான அணிகள் இதையே ஆயுதமாக்கும். ஆறு பேரும் முன்னால் சாய்வாக விரிந்து சாலையின் அகலத்தை நிரப்பிவிடுவார்கள். மற்ற அணிகள் ஓரத்தில் ஒற்றை வரிசையாக முழுக்காற்றையும் வாங்கும். எவராவது ஒருவர் அரை மீட்டர் விட்டாலும் போதும், கூட்டம் அங்கேயே அறுந்துவிடும்.

ஏற்றத்தில் மட்டும் இந்த ஒதுங்கும் வித்தை பலிக்காது. நமக்கு ஏற்றம் என்றால் கத்திப்பாரா மேம்பாலம். பிரான்சின் ஆல்ப் டியூஸ் மலைச்சாலை ஏறக்குறைய 14 கி.மீ., சராசரி 8 சதவீதச் சரிவு. அங்கே மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஏற, புவியீர்ப்புக்கு மட்டும் 220 வாட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். காற்றுக்குப் போவது 13 வாட். ஒதுங்கினாலும் நாலைந்து வாட்தான் மிச்சம்.

2024 ஆகஸ்ட் 18 அன்று, டூர் டி பிரான்ஸ் ஃபெம்மின் கடைசி நாளில், டெமி வோலரிங் இந்தக் கணக்கோடுதான் மோதினார். ஐந்தாம் நாள் கீழே விழுந்து ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இழந்திருந்தார். அந்த ஐந்தாம் நாள் ஓட்டத்தை ஜெயித்தது அவருடைய அணித்தோழி பிளாங்கா வாஸ். அணி நின்று வோலரிங்கை இழுத்து வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. கடைசி நாள் காலையில் வோலரிங், மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருந்த காசியா நீவியாடோமாவுக்கு 75 விநாடி பின்னால். கிளாண்டன் மலையிலேயே பாய்ந்தார். ஆல்ப் டியூஸில் முதலில் வந்தார். நீவியாடோமா வந்து சேர்ந்தது 61 விநாடி கழித்து. அன்றைய வெற்றிக்காக மொத்த நேரத்தில் கழிக்கும் போனஸ் 10 விநாடி. ஆக 71. பந்தயம் 4 விநாடியில் நீவியாடோமாவுக்குப் போனது.

அந்த 4 விநாடிக்கு நான் மலையில் தேடமாட்டேன். இரண்டு மலைகளுக்கும் நடுவே தட்டையான பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. அங்கே வோலரிங்குக்குக் காற்றை மறைக்க அணித்தோழி யாரும் இல்லை. பின்னால் துரத்திய குழுவிலோ வேறோர் அணியின் லூசிண்டா பிராண்ட் தன் தோழி ஒருத்திக்காக முன்னால் நின்று இழுத்துக்கொண்டிருந்தார். நீவியாடோமா அவர் அணியே இல்லை. ஆனாலும் அந்த முதுகுக்குப் பின்னால் உண்டான பொந்தில் அவருக்கும் இடம் இருந்தது.