வெயில் மிகுந்த கொங்கு நாட்டில் வைட்டமின் டி குறைவும் குழந்தைகளின் இரைப்பும்

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று பொள்ளாச்சியிலும் பல்லடத்திலும் வலுக்கும்போது சளி ஒரு குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்ற, ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு வீசிங் எனப்படும் இரைப்பு வந்துவிடுகிறது. இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்தால், அதுதான் இரைப்புக்குக் காரணமோ என்று பெற்றோர் நினைப்பது இயல்பே.

அந்த எண்ணத்துக்கு உடலியலில் ஆதாரம் இருக்கிறது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் நாட்பட அழற்சியுற்றிருக்கும். ரைனோவைரஸ் போன்ற சளிக் கிருமி வந்ததும் அது வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, காற்று போகும் வழி குறுகுகிறது. தோலில் உருவாகும் வைட்டமின் டி கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து செயல்படும் வடிவத்தைப் பெறுகிறது என்பது பாடநூல் செய்தி. ஆனால் மூச்சுக்குழாய்ச் செல்களும் நோய் எதிர்ப்புச் செல்களும் அந்தக் கடைசி மாற்றத்தைத் தாமே செய்துகொள்ள வல்லவை. அவ்வடிவம் கிருமிகளைத் தாக்கும் கேத்தலிசிடின் என்ற புரதத்தின் உற்பத்தியைத் தூண்டுவதோடு, அழற்சியை அடக்கும் இன்டர்லூகின்-10 என்ற புரதம் சுரக்கவும் உதவுகிறது.

கோவை 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. நண்பகல் வெயிலுக்கு எந்த மாதத்திலும் பஞ்சமில்லை. ஆயினும் வைட்டமின் டி உருவாகத் தேவையான 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளக் கதிர்கள் காலையிலும் மாலையிலும் மிகக் குறைவு; சன்னல் கண்ணாடி அவற்றை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும்; கருத்த தோலுக்கு வெயிலில் கூடுதல் நேரம் வேண்டும். நண்பகல் வேளை முழுதும் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் குழந்தைக்குக் குறைவு ஏற்படுவதில் வியப்பில்லை.

இரைப்புள்ள குழந்தைகளிடம் இக்குறைவு அடிக்கடி காணப்படுவது உண்மை. ஆனால் மூச்சுத் திணறும் குழந்தை வெளியே விளையாடுவது குறையும், தூசிக்கு அஞ்சி வீட்டாரும் அதை உள்ளேயே வைத்திருப்பார்கள் என்பதால், நோயே குறைவை உண்டாக்கியிருக்கவும் கூடும். இதைப் பிரித்தறியவே மருந்தும் போலி மருந்தும் கொடுத்து ஒப்பிடும் சோதனைகள் தேவைப்பட்டன. அமெரிக்காவில் 6 முதல் 16 வயது வரையிலான, வைட்டமின் டி குறைந்த 192 ஆஸ்துமாக் குழந்தைகளிடம் நடந்து 2020-இல் வெளியான சோதனையில், நாளொன்றுக்கு 4,000 யூனிட் வீதம் 48 வாரங்கள் கொடுத்தும் கடுமையான தாக்குதல்கள் குறையவில்லை. அந்தக் குழந்தைகள் அனைவரும் மூச்சுக்குழாய் அழற்சியைக் குறைக்கும் இன்ஹேலர் ஸ்டீராய்டு எடுத்துவந்தவர்கள். பல சோதனைகளைத் திரட்டி, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட ஆய்வு 2016-இல் ஓரளவு பயன் உண்டென்றது. புதிய சோதனைகளையும் சேர்த்து 2023-இல் பார்த்தபோது அந்தப் பயன் தென்படவில்லை.

எனவே வைட்டமின் டி கொடுப்பதை நம்பி இன்ஹேலரை நிறுத்துவது ஆபத்தானது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். குறைவு இருந்தால் எலும்பு வளர்ச்சிக்காகவே அதைச் சரிசெய்ய வேண்டும். குழந்தையின் அன்றாடத் தேவை 600 யூனிட் அளவே. மருந்துக்கடைகளில் கிடைக்கும் 60,000 யூனிட் பொடியை மருத்துவர் குறித்த வாரங்களைத் தாண்டித் தாமாகவே தொடர்ந்து கொடுத்தால், இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலும் வந்து, சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.